ஒட்டுப் போட்ட ஈறு எத்தனை வருஷம் நிற்கும்?

வாசகி கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 49 வயது. தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கும்போது விழுந்து, மேல்வரிசை முன்பல் ஒன்று போய்விட்டது. அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைத்து, அதாவது எலும்பில் ஸ்க்ரூ மாதிரி ஒன்றை நட்டு, அதன் மேல் கேப் போட்டார்கள். இப்போது ஈறு இறங்கி, கேப்புக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிகிறது. வலி இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். ஈறு டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். மேல் அண்ணத்தில் இருந்து சதை எடுத்து ஒட்டித் தைக்கலாம் என்றார். என் நாத்தனாரோ, "அதெல்லாம் மூணு வருஷத்துல கழண்டுடும், எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆச்சு" என்கிறார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். செய்துகொள்ளலாமா? செய்தால் எத்தனை வருஷம் நிற்கும்? எங்கள் தெருவில் போர் தண்ணீர் ஒரே உப்பு. அதனால்தான் ஈறு இறங்கியதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உப்புத் தண்ணீரை முதலில் முடித்துவிடுகிறேன். திருவொற்றியூரில் இருந்து வியாசர்பாடி வரை எங்கிருந்து வந்தாலும் என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. போர் தண்ணீரால் பக்கெட்டில் வெள்ளையாகப் படியும், குழாய் அடைத்துக்கொள்ளும், தலைமுடி சிக்காகும். ஈறு இறங்காது. பல்லில் படிகிற காரை என்பது நம் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல் அழுக்கோடு சேர்ந்து இறுகுவது. கேன் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கும் அது வரும்.

இன்னொன்று, சும்மா சொல்கிறேன். மேல்பல்லில் ஈறு இறங்குவதில்லை, ஏறுகிறது. ஆனாலும் ஊரே "இறங்கிடுச்சு" என்றுதான் சொல்கிறது, நானும் அப்படியே சொல்லப்போகிறேன்.

இப்போது நாத்தனார் சொன்னதற்கு வருவோம். ஒட்டிய ஈறு மூன்று வருஷம் இருந்துவிட்டு ஒரு நாள் கழன்று விழாது. அது பிடிக்குமா பிடிக்காதா என்பது முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். அண்ணத்தில் இருந்து எடுத்து வைத்த சதைக்கு முதல் இரண்டு மூன்று நாள் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள திசுவில் இருந்து கசிகிற நீரை உறிஞ்சிக்கொண்டு உயிர் பிடித்திருக்கும். அப்புறம் மெல்லிய ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைந்து இணையும். இரண்டு வாரம் தாண்டிவிட்டால் அது உங்கள் சதைதான், ஒட்டு என்று தனியாக ஒன்று இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கழன்றது பெரும்பாலும் கேப்பாக இருக்கும். கேப்பை ஒட்டுகிற சிமென்ட் கரைந்தாலும், உள்ளே இருக்கிற குட்டி ஸ்க்ரூ தளர்ந்தாலும் கேப் கையோடு வந்துவிடும். ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒட்டிய ஈறு மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கலாம். அது நடக்கிறதுதான். அதனால் எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்கும் முன்னால், முதலில் ஏன் இறங்கியது என்று கேட்க வேண்டும். இறங்க வைத்த காரணம் அப்படியே இருந்தால், எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அது மறுபடி தன் வேலையைக் காட்டும்.

சொந்தப் பல்லுக்கும் இம்ப்ளான்டுக்கும் ஈறு பிடித்திருக்கிற விதம் ஒன்றல்ல. பல் ஒரு மரம் என்றால் இம்ப்ளான்ட் தெருமுனையில் நட்ட கட்சிக் கொடிக்கம்பம். கம்பத்துக்கு அடியில் காங்கிரீட் கெட்டியாகப் பிடித்திருக்கும்; எலும்பும் டைட்டானியமும் அப்படித்தான் ஒன்றோடொன்று இறுகிவிடும். மேல்மண் மட்டும் கம்பத்தைச் சும்மா அணைத்துக்கொண்டு நிற்கும். மரத்துக்கு அப்படியில்லை, மேல்மண்ணிலும் வேர் ஓடியிருக்கும். சொந்தப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் குறுக்காகப் பாய்ந்து, ஆணி அடித்தது போல உள்ளே ஊன்றியிருக்கும். இம்ப்ளான்டில் ஊன்ற இடமில்லை. நார்கள் அதைச் சுற்றி இடுப்புப் பட்டை போல ஓடும், அல்லது அதன் உடம்போடு ஒட்டி மேலும் கீழுமாக நிற்கும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் ரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. இம்ப்ளான்டுக்கு அதுவும் கிடையாது. ஈறுக்கு வருகிற ரத்தமே ஒரு பங்கு குறைவு. அதனால் அங்கே ஈறு சீக்கிரம் கோபித்துக்கொள்ளும், சமாதானமாக நாளாகும்.

எலும்பின் கணக்கு வேறு. ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1965-ல் முதன்முதலாக இம்ப்ளான்ட் வைத்த யோஸ்தா லார்சன் என்பவர் 2006-ல் இறக்கும்வரை அந்தப் பல்லோடுதான் இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல். ஆனால் அந்தக் காலத்து வேலையில் பல்செட் ஈறை விட்டுத் தூக்கலாக நிற்கும், அடியில் உலோகக் கால்கள் பளிச்சென்று தெரியும். மெல்ல முடிந்ததே பெரிய விஷயமாக இருந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்று முன்பல்லில் அரை மில்லிமீட்டர் சாம்பல் தெரிந்தாலும் தூக்கம் போய்விடுகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை, கண்ணாடி முன்னால் நின்றால் எனக்கும் அப்படித்தான். இம்ப்ளான்ட் நிற்பது ஒரு கேள்வி, அதன் ஈறு அழகாக நிற்பது இன்னொரு கேள்வி. உங்களுடையது இரண்டாவது.

சரி, ஏன் இறங்கியது? நீங்கள் அனுப்பிய செல்போன் படத்தில் வெளிச்சம் போதவில்லை. வீட்டிலேயே மூன்று விஷயம் பார்க்கலாம்.

ஒன்று, பழைய படங்கள். கேப் போட்ட பிறகு வீட்டு விசேஷங்களில் சிரித்தபடி எடுத்த படங்களை வருஷ வரிசையாகப் பாருங்கள். கேப் மாட்டிய முதல் சில மாதங்களில் ஈறு ஒரு மில்லிமீட்டர் போல இறங்கி நின்றுவிடுவது சகஜம். அது நோயில்லை, ஈறு தனக்கான இடத்தைத் தேடிக்கொள்கிறது. ஐந்தாறு வருஷம் அசையாமல் இருந்துவிட்டு இப்போதுதான் இறங்க ஆரம்பித்திருக்கிறது என்றால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். உள்ளே அழற்சி இருக்கலாம், எலும்பு கரையலாம்.

இரண்டு, இரண்டு கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கண்ணாடியை வாய்க்குக் கீழே படுக்கை வாட்டில் பிடித்து, முன்பற்களின் வெட்டு முனையைக் கீழிருந்து பாருங்கள். பற்கள் ஒரு வளைவாகத் தெரியும். அந்த வளைவுக்குள் கேப் அடங்கியிருக்கிறதா, உதட்டுப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறதா? இத்தாலியின் போலோன்யாவில் இருக்கும் சுக்கெல்லி என்ற ஈறு நிபுணரின் குழு இந்த மாதிரிக் கேஸ்களைத் தரம் பிரித்ததே இதை வைத்துத்தான். கேப் மட்டும் துருத்தியிருந்தால் கேப்பை மாற்றி ஈறையும் சரிசெய்யலாம். எலும்பில் நட்ட இம்ப்ளான்டின் தலையே வளைவுக்கு வெளியே நின்றால் ஒட்டுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சில சமயம் அதை எடுத்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பிப்பதே நல்லது. முன்பற்களின் உதட்டுப் பக்க எலும்பு பெரும்பாலோருக்கு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதில் கொஞ்சம் வெளியே தள்ளி நட்டால் முன்சுவர் கரைந்துவிடும், கூடவே ஈறும் போகும்.

மூன்று, மேலுதட்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். கேப்பின் ஓரத்தில் இருக்கிற ஈறு உதட்டோடு சேர்ந்து ஆடுகிறதா? நல்ல ஈறு வெளிர் ரோஜா நிறத்தில், தொட்டால் கெட்டியாக, ஆடாமல் இருக்கும். அந்தக் கெட்டி ஈறு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்து, சிவந்த மெல்லிய தோல் ஓரம் வரை வந்துவிட்டால், பிரஷ் பட்டாலே எரியும். எரிகிறது என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவோம். தொடாமல் விட்டால் அழுக்கு சேரும். இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும். இந்த நிலையில் ஒட்டு அழகுக்கு மட்டுமல்ல, அடுத்த இருபது வருஷம் சுகமாகப் பல் தேய்ப்பதற்கும் உதவும்.

இவை உங்களுக்குத் தெரிந்துகொள்ள. முடிவு சொல்ல எக்ஸ்ரே வேண்டும். கேப் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரே இருந்தால் தேடி எடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எலும்பு இறங்கியதா என்று தெரியும்.

இனி கணக்குக்கு வருகிறேன். இதை உங்களுக்குச் சொல்வது எளிது. ஜாக்கெட்டுக்கு லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டித் தைத்தால் முதல் துவைப்பில் என்ன ஆகும்? ஒட்டிய சதையும் அப்படித்தான் சுருங்கும். 2008-ல் சுவிட்சர்லாந்தில் புர்க்ஹார்ட் குழு பத்துப் பேருக்கு இம்ப்ளான்ட் ஈறைச் சரிசெய்து பார்த்தது. சுருங்கும் என்று தெரிந்தே தையல் போட்ட அன்று தேவைக்கு மேலாகவே மூடினார்கள். ஆறு மாதம் கழித்து அளந்தால் நின்றது 66 சதவீதம். முழுசாக மூடியது ஒருவருக்கும் இல்லை. இந்த எண்ணை அன்றைக்குப் படித்தபோது எனக்கே சுருக்கென்றிருந்தது.

2013-ல் சுக்கெல்லி குழு இருபது பேருக்கு வேறு மாதிரி செய்தது. முதலில் கேப்பைக் கழற்றினார்கள், உள்ளே இருக்கும் உலோகக் கழுத்தின் பருமனைக் குறைத்தார்கள், ஈறு ஆறவும் தடிக்கவும் இடம் விட்டார்கள். அப்புறம்தான் அறுவை சிகிச்சை. புதுக் கேப்புக்குப் பல மாதம் காத்திருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து சராசரியாக 96 சதவீதம் மூடியிருந்தது, முக்கால்வாசிப் பேருக்கு முழுசாகவே. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பெரும்பாலும் அப்படியே நின்றது. தேர்ந்த கைகள், பார்த்துத் தேர்ந்தெடுத்த நோயாளிகள், ஒழுங்காகச் சோதனைக்கு வந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கேப்பைத் தொட்டதில்தான் பெரிய வித்தியாசம் என்பது என் கட்சி.

என் கட்சி என்றேனே, அது பட்டுத் தெரிந்தது. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிற ஓர் அம்மா. மேல் கோரைப் பல் இடத்தில் இம்ப்ளான்ட், கழுத்துப் பெருத்த கேப், ஈறு இறங்கியிருந்தது. கேப்பைக் கழற்ற வேண்டும் என்றேன். "பல்லு இல்லாம எப்டி சார் கூவி விக்கிறது?" என்றார். நானும் சரி என்று கேப்பை அப்படியே வைத்து ஒட்டுப் போட்டேன். முதல் மாதம் எடுத்த படத்தைப் பெருமையாக நாலு நண்பர்களுக்கு அனுப்பினேன். நான்காம் மாதம் மூடியதில் பாதிக்கு மேல் மறுபடி இறங்கிவிட்டது. அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. தப்பு என்னுடையது. பெருத்த கேப் ஈறைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்புறம் கேப்பைக் கழற்றி, கழுத்தை இளைக்க வைத்து, தற்காலிகக் கேப் ஒன்று போட்டு, அண்ணத்தின் மறுபக்கத்தில் இருந்து எடுத்துத் திரும்ப ஒட்டினேன். ஆறு வருஷம் ஆகிறது, நிற்கிறது. அண்ணத்தில் இரண்டு தடவை புண் பட்டதை அந்த அம்மா இன்னும் சொல்லிக்காட்டுவார், சொல்லட்டும்.

ஆகவே உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கேப்பை என்ன செய்யப்போகிறீர்கள்?" கேப்பைத் தொடாமலே ஒட்டிவிடலாம் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் நல்ல காரணமும் இருக்கலாம்.

சதைக்குப் பதிலாக டப்பாவில் வருகிற கொலாஜன் படலம் வைக்கலாம், அண்ணத்தில் வெட்டு வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். வலி குறைவு என்பது உண்மை. ஆனால் ஈறு தடிப்பதில் அண்ணத்துச் சதைதான் இன்றும் முன்னால் நிற்கிறது. முன்பல்லுக்கு நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். அந்தப் படலங்களில் பல பன்றியில் இருந்து எடுப்பவை, சில மாட்டில் இருந்து. மண்ணடியில் இருந்து வருகிறவர்களுக்கும் சவுகார்பேட்டையில் இருந்து வருகிறவர்களுக்கும் இதை நான் கேட்காமலே சொல்லிவிடுவேன். உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

சர்க்கரை. மூன்று மாத சராசரி பார்க்கும் டெஸ்ட் எடுத்து, ஏழுக்குள் இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம். எட்டு, ஒன்பது என்று இருந்தால் நான் கத்தியைத் தொடமாட்டேன். முதலில் சர்க்கரை டாக்டரைப் பாருங்கள். கடிதத்தில் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்: வெற்றிலையோடு புகையிலை உண்டா? நம் பக்கத்தில் மாவா போடுகிறவர்களுக்கும் குறைவில்லை. தமிழ்நாட்டில் 2013-லேயே குட்காவைத் தடை செய்தும் பெட்டிக்கடையில் கேட்டால் கிடைக்கிறது. நிக்கோட்டின் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஒட்டிய சதை உயிர் பிடிப்பதே அந்தக் குழாய்களை நம்பித்தான்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் இரண்டு வாரம் அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுப்பார்கள். அதைச் சொன்ன நாளோடு நிறுத்துங்கள், நாள்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். உதட்டைத் தூக்கித் தூக்கிக் கண்ணாடியில் பார்க்காதீர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் எல்லோரும் செய்வார்கள், தையல் இழுபடும். அண்ணத்துப் புண்தான் அதிகம் படுத்தும். தயிர்சாதம், ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி என்று ஓட்டுங்கள். முறுக்கு, முள் மீன், பர்மா பஜார் பக்கத்து அத்தோ எல்லாம் இரண்டு மூன்று வாரம் காத்திருக்கட்டும்.

அதற்குப் பிறகு அது நிற்பது பாதி உங்கள் கையில் இருக்கிறது. மிருதுவான பிரஷ், ஈறில் இருந்து பல்லை நோக்கி உருட்டித் தேய்ப்பது. சிவப்புப் பல்பொடி, உப்பு, அடுப்புக்கரி எதுவும் வேண்டாம். கேப்பின் இரண்டு பக்க இடுக்கிலும் சின்ன இடுக்குப் பிரஷ் தினம் ஒரு தடவை. கம்பியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை டாக்டரிடம் போக வேண்டும். அங்கே மெல்லிய அளவுக்குச்சியை ஈறு இடுக்கில் விட்டு ஆழம் பார்ப்பார்கள், ரத்தம் வருகிறதா என்று கவனிப்பார்கள். இம்ப்ளான்ட் பக்கத்தில் குச்சியே விடக் கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். மென்மையாகச் செய்தால் ஒன்றும் ஆகாது, விலகிய ஈறு ஐந்தாறு நாளில் மூடிக்கொள்ளும். பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இம்ப்ளான்டைச் சுற்றி எலும்பு கரையும்போதும் பெரும்பாலும் வலி இருக்காது.

இத்தனையும் சரியாக அமைந்தால் எத்தனை வருஷம்? முதல் ஆறு மாதத்தில் சுருங்குவது சுருங்கிவிடும், ஒரு வருஷத்தில் எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மையான அளவு. அந்த இடத்தில் ஐந்து வருஷம் நிற்பதற்கு ஆய்வுகளின் ஆதாரம் உண்டு. பத்து, இருபது வருஷம் என்று கார்டில் எழுதி உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள், மிக்சிக்குக் கொடுக்கிற மாதிரி ஈறுக்கு யாரும் கொடுக்க முடியாது.

இப்போது கல்யாணம். கடிதத்தை ஆடி மாதம் எழுதியிருக்கிறீர்கள், தைக்கு ஆறு மாதம்தான். கேப்பைக் கழற்றி ஈறு தடிக்க ஒரு மாதமாவது, அறுவை சிகிச்சை, ஆறி நிலைக்கப் பல மாதம், அப்புறம்தான் நிரந்தரக் கேப். தைக்குள் முழு வேலையும் முடியாது. இன்றே தொடங்கினாலும் மண்டபத்தில் தற்காலிகக் கேப்போடுதான் நிற்பீர்கள். அது படத்தில் தெரியாது, ஆனால் கடித்துத் தின்னத் தோதுப்படாது. கார்த்திகையில், மார்கழியில் போய்ச் செய்துகொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். பத்திரிகை கொடுக்க அலையும் நேரத்தில் அண்ணத்தில் புண்ணோடு திண்டாடுவீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கண்ணாடி முன்னால் வாய்விட்டுச் சிரித்துப் பார்ப்பேன். உதடு அந்தக் கோடு வரை ஏறவில்லை என்றால் வேறு யாருக்கும் அது தெரியாது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்து, ரத்தமும் வராமல் இருந்தால், க்ளீனிங் மட்டும் செய்துகொண்டு கல்யாணத்தை முடித்துவிட்டு மாசியில் வரலாம். ஒன்றுமே செய்யாமல் கவனித்து வருவதும் ஒரு வழிதான். ஈறு இறங்கியிருப்பது மட்டுமே நோய் ஆகாது. சிரிக்கும்போது தெரிகிறது, மனசு கேட்கவில்லை என்றால் கேப்பின் மேல்ஓரத்தில் ஈறு நிறத்தில் பீங்கான் வைத்துச் செய்கிற வழியும் இருக்கிறது. கத்தி இல்லை. உற்றுப் பார்த்தால் தெரியும், மேடைக்குப் போதும்.

ஆனால் எக்ஸ்ரேயை மட்டும் தைக்குத் தள்ளிப்போடாதீர்கள், அது இந்த மாதமே வேண்டும். இரண்டாவது கருத்து கேட்க நினைத்தால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். பழைய எக்ஸ்ரே, சர்க்கரை ரிப்போர்ட், அந்த விசேஷப் படங்கள், மூன்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். இம்ப்ளான்ட் வைத்தபோது கொடுத்த சின்ன ஸ்டிக்கர் அட்டை இருந்தால் அதுவும். எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று அதில்தான் இருக்கும். அது இல்லாமல் கேப்பைக் கழற்ற எந்த ஸ்க்ரூடிரைவர் பொருந்தும் என்று தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும்.